திரும்பி வரும் வழி எது?

நோன்புப் பெருநாள் அன்று மதிய உணவுக்குப் பின் என் மகன் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து பாயில் விரித்தான். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறான். காஷ்மீரத்தில் சோனாமார்க்கில் தொடங்கி, மலை ஏரிகள் பலவற்றைத் தொட்டு, நாராநாக் என்னும் சிற்றூரில் முடியும் பாதை அது. எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய ஏழு நாள் நடை. இறுதியில் வருவது கங்காபல் ஏரி. அதன் தலைமாட்டில் 5,142 மீட்டர் உயரத்தில் பனிமூடி நிற்பது ஹர்முக் சிகரம்.

"ஹர்முக்கை அந்த ஏரிக்கரையில் நின்று பார்க்க வேண்டும், வாப்பா. நீங்களும் வர வேண்டும்" என்றான்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இரத்த அழுத்தத்திற்கு ஆறாண்டுகளாக மாத்திரை உண்கிறேன். காயல்பட்டினத்துக் கடற்கரை மணலில் நடந்து வளர்ந்தவன்; எங்கள் ஊரில் உயரம் என்றால் பள்ளிவாசல் மினாராதான். ஆயினும் மகன் தானாக அழைக்கும் பயணம் எத்தனை முறை வாய்க்கும்? வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி நின்று வரைபடத்தைப் பார்த்தார். "போகும் வழியைக் காட்டிவிட்டாய். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் திரும்பி வரும் வழி எது?" என்று கேட்டார்.

மகன் விரலை வைத்துத் தேடினான். சோனாமார்க்கை விட்டுப் புறப்பட்டதும் 4,000 மீட்டருக்கு மேலான நிச்நாய் கணவாயைக் கடக்க வேண்டும். அதற்கு அப்பால் சுமார் 3,700 மீட்டரில் விஷன்சர் ஏரி. அங்கே ஒருவர் நோயுற்றால், பின்னால் திரும்ப அதே கணவாயில் ஏற வேண்டும். முன்னால் செல்ல அதைவிட உயரமான காட்சர் கணவாயில் ஏற வேண்டும். மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அந்த மருந்தைப் பெற, நோயாளி முதலில் மேலே ஏறியாக வேண்டும். அவன் விரல் நின்றுவிட்டது.

நான் வாய் திறக்கவில்லை. அந்த நிலையில் ஒருமுறை இருந்தவன் நான். வீட்டில் அதை யாரிடமும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் லடாக் சென்றேன். விமானத்தில் லே நகரில் இறங்கினோம். அது ஏறத்தாழ 3,500 மீட்டர்; கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. அன்றிரவே தலைவலி தொடங்கியது. சொன்னால் என்னால் அனைவருக்கும் ஒரு நாள் வீணாகும் என்று வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாளே 4,200 மீட்டருக்கு மேலுள்ள பாங்காங் ஏரிக்குச் சென்றோம். இரவெல்லாம் வாந்தி. படுத்திருக்கும்போதே மூச்சு இரைத்தது. லேக்குத் திரும்ப 5,300 மீட்டருக்கும் மேலான சாங் லா கணவாயைக் கடக்க வேண்டும். விடியற்காலையில், ஓட்டுநர் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை முகத்தில் பிடித்தபடி அதைக் கடந்தேன். கலிமாவைச் சொல்லிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. ஊர் திரும்பி வீட்டில் சொன்னது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று.

இந்நோய் புதிதன்று. 16ஆம் நூற்றாண்டில் 'தாரீக்கே ரஷீதி' என்னும் வரலாற்றை எழுதிய மிர்சா ஹைதர் துக்லாத், திபெத்திய நிலங்களில் மனிதரைப் பிடிக்கும் மூச்சுத்திணறலைத் 'தம்கிரி' என்னும் பெயரால் குறிப்பிடுகிறார். அவர் சேவித்த காஷ்கர் சுல்தான் சயீத் கான், 1533இல் லடாக் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் அந்நோயாலேயே இறந்தார். மிர்சா ஹைதர் பின்னாளில் காஷ்மீரை ஆண்டார், ஸ்ரீநகரில் அடக்கமாகியிருக்கிறார். படை நடத்திச் சென்ற சுல்தானுக்கே அப்படியென்றால், இருமல் மருந்துக் கடையில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எனக்கு எப்படி இருக்கும்!

அன்றிரவு மகனிடம் அனைத்தையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அப்படியென்றால் பாதையை மாற்றுவோம்" என்றான்.

மாற்றிய திட்டம் இது. ஏழு நாள் நடையைக் கைவிட்டோம். நாராநாக்கிலிருந்து நேரே கங்காபலுக்கு ஏறி, அதே வழியில் இறங்குவோம். ஒரு வழி சுமார் பதினைந்து கிலோமீட்டர். இதில் காணக் கிடைக்காத ஏரிகள் பல. ஆனால் எந்த இடத்தில் நின்றாலும் திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாராநாக்கோ 2,300 மீட்டருக்குள், கங்காபலோ 3,500க்கும் மேல். ஆகவே முதலில் 2,700 மீட்டரில் உள்ள சோனாமார்க்கில் இரண்டு இரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, பிறகு நாராநாக் சென்று, நடுவழியில் துருன்கல் புல்வெளியில் இரண்டு இரவு கழித்து ஏரிக்கு ஏறுவதாக எழுதினோம். அசட்டசோலமைடு மாத்திரையை நானாக வாங்கவில்லை. சல்பா ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, என் அழுத்த மாத்திரையையும் பார்த்தபின் மருத்துவரே அளவு எழுதிக் கொடுத்தார்.

ஹர்முக்கைப் பற்றித் தேடியபோது ஒரு செய்தி என்னை மகிழ்வித்தது. 1856இல் நில அளவையாளர் மான்ட்கோமெரி அம்மலையில் நின்றுதான், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த காரகோரம் சிகரங்களைப் பார்த்து கே1, கே2 என்று குறித்தார். அந்தப் பெரும் நில அளவை 1802இல் தொடங்கியது நம் சென்னையின் பரங்கிமலை அருகே. ஹர்முக் அடிவாரம் காஷ்மீரப் பண்டிதர்களுக்குப் புனிதத் தலம் என்பதையும் மகனுக்குச் சொன்னேன். ஏரிக்கரையில் குளிப்பதிலும் குப்பை போடுவதிலும் அந்த எண்ணம் இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த கவலை தொழுகை. பனி உருகிய நீரில் ஐந்து வேளை காலைக் கழுவுவது எப்படி? எங்கள் தெரு ஆலிம்சாவிடம் சென்றோம். கணுக்காலை மூடும் காலணியை முழு உளூவுடன் அணிந்தால், பயணி மூன்று பகலும் இரவும் அதன்மேல் மஸஹ் செய்யலாம் என்றார். "பூட்ஸ் போதுமே" என்றான் மகன். "பாதையெல்லாம் குதிரைச் சாணமாக இருக்குமே தம்பி, அதோடு தொழுவாயா?" என்று சிரித்தார். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். முடிவில், உள்ளே மெல்லிய தோல் காலுறை, அதன்மேல் பூட்ஸ். தொழுகையின்போது பூட்ஸைக் கழற்றிவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. காலுறையையும் கழற்றி உறங்கினால் சலுகை முடிந்தது. காலையில் மறுபடி கால் கழுவித்தான் அணிய வேண்டும். இதற்காகப் பூட்ஸை ஓர் அளவு பெரிதாக வாங்கினோம்.

மூட்டை சுமக்க ஒரு குதிரை போதும் என்றார் நாராநாக்கில் பேசிவைத்த குதிரைக்காரர். ஆளை இறக்கிவர இன்னொன்று வேண்டும் என்று கேட்டு, அதற்கும் கூலி பேசினேன். மகன் கேட்ட கேமராவுக்கு ஒதுக்கிய பணம் அதில் சென்றது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே இயங்காது என்பதால் போஸ்ட்பெய்டுக்கு மாறினேன். மலைமேல் அதுவும் இராது. இத்தனை நாள் பேச்சு வராது என்று உம்மாவிடம் முன்பே சொல்லிவைத்தேன். வஸிய்யத்தையும் எழுதினேன். தம்பியிடம் வாங்கிய கடன், சீட்டுப் பாக்கி, யாருடைய நகை எந்தப் பெட்டியில் என்பது வரை. இரண்டு இரவு கழியுமுன் எழுதிவைக்கச் சொன்ன ஹதீஸை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறேன். எழுத ஒரு மலை தேவைப்பட்டிருக்கிறது.

பயிற்சிக்கு, நாள்தோறும் சுப்ஹுக்குப் பின் பத்துக் கிலோ பையுடன் கடற்கரை மணலில் நடந்தோம். மாலையில் நான்கு மாடிப் படிகளில் பத்து முறை ஏறி இறங்கினோம். மூன்றாம் வாரத்தில் மகன் நடை சற்றே கோணியது. கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். இரண்டு நாள் கழித்து உளூச் செய்யும்போது அவன் குதிகாலைப் பார்த்தேன். தோல் காலுறை உரசி எழுந்த கொப்புளம் உடைந்து, சீழ் கட்டி, சுற்றிலும் சிவந்திருந்தது.

"ஏன் சொல்லவில்லை?" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அவன் குழாயை மூடினான். "சொன்னால் உங்கள் நாளும் வீணாகும் என்று நினைத்தேன், வாப்பா."

நான் வாதிடவில்லை. அங்கேயே, ஈரக் காலுடன் திண்ணையில் அமர்ந்து ஒரு தாளை எடுத்தோம். காலையும் இரவும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள்: தலை வலிக்கிறதா? குமட்டுகிறதா? உறங்கினாயா? நடை தள்ளாடுகிறதா? சும்மா இருக்கும்போது மூச்சு வாங்குகிறதா? முதல் மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்று ஏற்றம் இல்லை. கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் இரவானாலும் இறக்கம்; கேட்டவர் சொல்வதே முடிவு, நோயாளிக்கு வாக்கு இல்லை. என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, அடியில் ஆறாவதாக ஒன்றை எழுதினார்: "கால் எப்படி இருக்கிறது?"

குதிகால் ஆற இரண்டு வாரமாகும், அதுவரை பூட்ஸ் கூடாது என்கிறார் மருத்துவர். ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு எடுத்த பயணச்சீட்டை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இரவில் குளிர் கூடியிருக்கும் என்று குதிரைக்காரர் சொல்கிறார். கம்பளி இன்னும் இரண்டு எடுத்துவைக்க வேண்டும்.