கொக்கியை மறைக்கும் இறகு



இவ்வாரத் தியானத்திற்காக யாக்கோபு நிருபம் முதலாம் அதிகாரம் 14ஆம் வசனத்தைத் திறந்து வாசித்துக்கொள்ளுங்கள். மனுஷன் சோதனைக்குள் விழும் விதத்தை அங்கே யாக்கோபு விளக்குகிறார். நம் வேதாகமத்தில் ‘சிக்குண்டு’ என்று வந்திருக்கும் கிரேக்கச் சொல் மீன்பிடிப்போரின் தொழிலோடு தொடர்புடையது. இரையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. இரை காட்டி இழுப்பது என்பதே அதன் நேர்ப்பொருள்.

நம் ராயகிரிக்குக் கடல் இல்லை. மேற்கே மலைதான் உண்டு. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகினால் சிறுவர்கள் தூண்டிலோடு கரையில் அமர்ந்திருப்பதை நாம் எல்லாரும் அறிவோம். மயிலிறகின் தண்டைத் தக்கையாகக் கட்டி, கொக்கியில் மண்புழுவைக் கோத்துப் போடுவார்கள். அந்தத் தூண்டிலில் இரையாவது மெய்யானது. நான் இன்று எழுதப்போகும் தூண்டிலில் அதுவும் இல்லை.

குளிர்நாடுகளின் கடலோரங்களில் சால்மன் என்னும் மீனையும், கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் மீனையும் ஒருவகை ஈத்தூண்டிலால் பிடிக்கிறார்கள். கொக்கியின்மேல் நூலைச் சுற்றி, இறகையும் உரோமத்தையும் கட்டி, ஒரு பூச்சியைப் போலவோ இறாலைப் போலவோ குஞ்சுமீனைப் போலவோ செய்துவிடுவார்கள். அதில் உண்பதற்கு ஒன்றும் கிடையாது. வட அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் போன்ற கடற்கழிகளில் முழங்காலளவு உப்புநீரில் நின்று அதை வீசி, நூலைச் சிறிது சிறிதாக வெட்டி இழுப்பார்கள். உயிரற்ற இறகு நீருக்குள் உயிருள்ளதுபோல் துடிக்கும்.

இந்த மீன்களின் வாழ்க்கையை எண்ணும்போது சிருஷ்டிகரைத் துதிக்காமல் இருக்க முடியாது. சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்கிறது. பின்பு முட்டையிடுவதற்காகப் பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. அந்த ஆற்றுநீரின் வாசனையை நினைவில் வைத்தே அது வழியறிகிறது என்பதை ஆர்தர் ஹாஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வுகள் 1950களில் தொடங்கி எடுத்துக்காட்டின. ஆற்றுக்குள் ஏறியபின் சால்மன் ஏறக்குறைய உணவையே விட்டுவிடும். ஆற்றின் வாய்க்கு வெளியே, கடலோரத்தில் இருக்கும்போதோ இன்னும் பசியோடு இரை தேடும். மீன்பிடிப்பவர் அங்கேதான் காத்து நிற்கிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வந்த மீனுக்கு, வீட்டு வாசலில் இறகு விரிக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றிய இடம் உண்டு. நீலகிரியின் ஓடைகளில் விடுவதற்காக அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டு ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கப்பட்டது. அங்கே வளரும் வானவில் ட்ரவுட்டும், அமெரிக்கக் கரையில் கடலுக்குப் போய்த் திரும்பும் ஸ்டீல்ஹெட் என்பதும் ஒரே இனம். நீலகிரி மீனுக்குக் கடல் கிடையாது. அவலாஞ்சி நீர் குந்தா வழியாகப் பவானியில் சேர்ந்து, பின் காவிரியாய்க் கடலுக்குப் போனாலும், சமவெளியின் வெப்பத்தைத் தாண்டி ட்ரவுட் உயிரோடு போகாது. ஆனாலும் அதே இறகுக்கு அதுவும் எழும்புகிறது. இடம் மாறினாலும் பசி கூடவே வருகிறது.

இந்த ஈத்தூண்டிலைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விரிவான குறிப்பு, நம் வேதாகமத்தில் வரும் ஒரு வழிக்கு அருகிலேயே இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டளவில் ஏலியன் என்னும் ரோமர், விலங்குகளின் இயல்பைப் பற்றிக் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். மக்கெதோனியாவில் பெரோயா பட்டணத்துக்கும் தெசலோனிக்கே பட்டணத்துக்கும் நடுவே ஓடும் ஆற்றில், புள்ளியுள்ள மீன்களை இப்படிப் பிடித்தார்கள் என்று அதில் விவரிக்கிறார். அந்த மீன்கள் விரும்பித் தின்னும் ஒரு பூச்சி நீர்மேல் பறக்குமாம். அதைப் பிடித்துக் கொக்கியில் கோக்க முடியாது. மனிதக் கை பட்டவுடன் அதன் நிறம் மங்கி, சிறகு வாடி, மீனுக்கு ஆகாததாய்ப் போய்விடும். ஆகவே கொக்கியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளை அதில் பொருத்தினார்கள். மெய்யானதைக் கையால் பிடிக்க இயலாதபோது பொய்யானதைச் செய்துகொண்டார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. இறகைக் கட்டுகிறவர் மீனுக்குப் பழக்கமில்லாத எதையும் கட்டுவதில்லை. இந்த மாதத்தில் இந்த நீரில் மீன் என்ன உண்கிறது என்று பார்த்து, அதே நிறத்திலும் அதே அளவிலும் கட்டுகிறார். மீனின் பசி தவறானதன்று. தேவன் தந்த பசி அது. அந்த நல்ல பசியின் வடிவத்தையே கொக்கி போர்த்துக்கொண்டு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைபார்த்த ஓர் இளைஞர், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பியபின் என்னைத் தேடி வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். கைபேசியில் பணம் கட்டி ஆடும் ஒரு சீட்டு விளையாட்டில், முதல் நாள் நூறு ரூபாய் கட்டி இருநூறு எடுத்திருக்கிறார். பிறகு மூன்று மாதச் சேமிப்பும் போயிற்று. மீதமிருந்த சம்பளத்தை ஊருக்கு வரும் இரவுப் பேருந்தில், விட்டதைப் பிடித்துவிடலாம் என்று ஆடி இழந்தார். சங்கரன்கோவிலில் இறங்கியபோது வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகக் கையில் ஒன்றும் இல்லை.

“ஐயா, நான் ஊதாரி இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்குச் சீக்கிரம் பணம் சேர்க்கணும்னுதான் ஆரம்பிச்சேன்” என்றார்.

அவர் சொன்னதை நான் நம்பினேன். குடிப்பதற்காகவோ ஆடம்பரத்துக்காகவோ அவர் அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. தங்கையின்மேல் வைத்த பாசமும், தகப்பன் இல்லாத வீட்டின் பொறுப்பும் அவருடைய பசியாக இருந்தன. அந்தப் பசிக்கு ஏற்ற நிறத்தில் இறகு கட்டப்பட்டிருந்தது. அதுவும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவருக்காகக் காத்திருந்தது.

இத்தகைய சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டிலும், நாடு முழுமைக்குமாக 2025ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதற்காக நன்றி செலுத்துவோம். ஆனால் ஒரு நிறத்துக்கு மீன் எழும்பாவிட்டால், மீன்பிடிப்பவர் வேறு நிறத்தைக் கட்டுவார். இன்று சீட்டாட்டம், நாளை உடனடிக் கடன், மறுநாள் வெளிநாட்டு வேலை என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஒரு குரல். இறகு மாறும், கொக்கி மாறுவதில்லை. ஆகவே தூண்டிலைச் சபிப்பதோடு நிறுத்திவிடாமல், நம் பசியைக் குறித்துத் தேவனிடத்திலும் ஒருவரோடொருவரும் பேசப் பழகவேண்டும். அந்த இளைஞர் தங்கையின் கலியாணக் கவலையைச் சபையில் ஒருவரிடமாவது சொல்லியிருந்தால், இரவில் அந்தக் கைபேசி மட்டுமே அவருக்குத் துணையாய் இருந்திருக்காது. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரே, அவர்கள் எவ்வளவு அனுப்பினார்கள் என்று கேட்குமுன், எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஏலியன் சொன்ன ஆற்றில் மீன்கள் ஆராயாமல் விழுங்கின. அதே ஆற்றுக்கு அருகிலிருந்த பெரோயா பட்டணத்தாரோ, பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு நாள்தோறும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போஸ்தலனின் பிரசங்கத்தையே ஆராய்வது நற்குணம் என்றால், முகமறியாதவர் காட்டும் இலாபத்தை எவ்வளவு அதிகமாய் ஆராயவேண்டும்!

எதைக்கொண்டு ஆராய்வது? ஓர் எளிய அளவுகோலை உங்களுக்குத் தருகிறேன். நம்மை அழைப்பது தன் விலையை முன்னமே சொல்லுகிறதா, மறைக்கிறதா? தூண்டில் உணவை முன்னால் காட்டிக் கொக்கியைப் பின்னால் வைக்கிறது. நம் ஆண்டவரோ சிலுவையை முன்னால் காட்டினார். தம்மைப் பின்பற்ற வந்தவனிடம், தமக்குத் தலைசாய்க்கவும் இடமில்லை என்றார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்றார். அவருடைய அழைப்பில் மறைக்கப்பட்ட கொக்கி ஒன்றுமில்லை. பிரசங்க பீடத்தில் நிற்கிற நாங்களும் இதற்கு விலக்கானவர்கள் அல்லர். ஆசீர்வாதத்தை மட்டும் காட்டி, சிலுவையை மறைத்துப் பிரசங்கித்தால், அதுவும் இறகு கட்டிய கொக்கியே.

சுவிசேஷங்களில் வலைகள் பல உண்டு. தூண்டிலோ ஒரே ஒரு முறைதான் வருகிறது. மத்தேயு 17ஆம் அதிகாரத்தின் முடிவில், ஆலய வரி கேட்கப்பட்டபோது, கர்த்தர் பேதுருவைக் கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு வெள்ளிப்பணம் இருக்கிறது. அது இருவருக்கும் போதுமானது. தம்முடைய வரியோடு பேதுருவின் வரியையும் அவர் சேர்த்தே எண்ணியிருந்தார். கேட்கப்பட்ட தொகையையும் பேதுருவின் குறைவையும் அவர் அறிந்திருந்தார். உங்கள் வீட்டுக் கலியாணக் கவலையையும் கடன் சுமையையும் அவர் அறிவார். அவரிடத்தில் அவற்றைக் கொண்டுபோங்கள்.

அந்த இளைஞர் இன்று திருப்பூரில் தம் வேலையைச் செய்துகொண்டு, மாதந்தோறும் கடனை அடைத்துவருகிறார். தங்கையின் திருமணம் எளிமையாக நம் ஆலயத்தில் நடந்தது. அவருக்காகவும், அவரைப்போல் இவ்வாரம் வெளியூரில் தனித்திருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்போம்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் பசியை நீர் அறிந்திருக்கிறீர். பொய்யான இரையைப் பகுத்தறியும் கண்களை எங்களுக்குத் தாரும். சிக்குண்டு தவிக்கிறவர்களை விடுவியும். வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகளின் வழியைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.