யானையும் ட்ரோனும் எங்க மாமாவோட தென்னந்தோப்பும்

குற்றாலம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு அருவி, சாரல், எண்ணெய்க் குளியல், பார்டர் புரோட்டா ஞாபகம் வரும். தென்காசிக்காரங்களுக்கு, அதுவும் வடகரை, மேக்கரை பக்கம் தோப்பு வச்சிருக்கிறவங்களுக்கு, முதல்ல ஞாபகம் வர்றது யானை. "நேத்து யாரு தோப்புல?" இதுதான் காலையில டீக்கடையில முதல் கேள்வி.

கொஞ்சம் பூகோளம் சொல்லிடறேன், பொறுத்துக்குங்க. தெற்கே அகத்தியமலை, வடக்கே பெரியாறு காடு. ரெண்டுக்கும் நடுவுல செங்கோட்டைக் கணவாய். அந்தக் கணவாய் வழியா 1904-ல மீட்டர் கேஜ் ரயில் வந்துச்சு, 2018-ல அது அகலப் பாதையாச்சு. பக்கத்துலயே கொல்லம் ரோடு, ராத்திரி பூரா லாரி. ரோடு, ரயில், ஊரு, தோட்டம் எல்லாம் சேர்ந்து அந்த இடத்துல காட்டை ரெண்டா பிரிச்சிருச்சுன்னு யானை ஆராய்ச்சி பண்றவங்க ரொம்ப வருஷமா சொல்லிட்டிருக்காங்க. 2022-ல அகத்தியமலை யானைகள் காப்பகம்னு 1,197 சதுர கிலோமீட்டரை அறிவிச்சாங்க, சந்தோஷம். ஆனா மேக்கரையும் வடகரையும் இருக்கிறது கணவாய்க்கு இந்தப் பக்கம், வடக்கே. இங்க காடு முடியற இடத்துல தென்னந்தோப்பு ஆரம்பிக்குது. நடுவுல வேற ஒண்ணும் கிடையாது.

எங்க மாமாவுக்கு அங்கதான் தோப்பு. யானை தென்னையை என்ன பண்ணும்னு பார்க்காதவங்களுக்கு சொல்றேன். காயைப் பறிச்சுத் தின்னுட்டுப் போகாது. தென்னம்பிள்ளையை நெத்தியால முட்டிச் சாய்ச்சு, பிளந்து, உள்ள இருக்கிற குருத்தை மட்டும் தின்னுட்டு அடுத்த மரத்துக்குப் போயிரும். காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகிற மரம், தின்ன அஞ்சு நிமிஷம். போன வருஷம் ஒரே ராத்திரியில மாமாவுக்கு 14 மரம் போச்சு. காலையில போய் நின்னப்ப அவர் யானையைத் திட்டவே இல்லை. "அதுக்கும் பசிக்கும்லா மருமவனே" அப்படின்னார். அத்தைதான் திட்டுனா, அதுவும் மாமாவை!

மரம் போனாக்கூடப் பரவாயில்லைங்க. மாமா ராத்திரி காவலுக்குப் போறாரே, அதுதான் பயம். கையில ஒரு டார்ச் லைட்டு, நாலு வெடி. இருட்டுல இருபதடி தள்ளி யானை நின்னா தெரியவே தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு அது சத்தமே இல்லாம நிக்கும். இந்தப் பயத்துலதான் சில இடத்துல வேலியில திருட்டு கரண்ட் விடறாங்க. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல அப்படி ஒரு வேலியில மாட்டி மூணு பெண் யானை செத்துச்சு. கூட வந்த ரெண்டு குட்டி அங்கயே சுத்திச் சுத்தி நின்னுச்சு. அந்த வீடியோவை என்னால முழுசாப் பார்க்க முடியலை.

இப்ப ட்ரோனுக்கு வர்றேன். என் கூடப் படிக்கிற ஒருத்தன் லீவுல கல்யாண வீடியோ எடுக்கப் போவான். மாப்பிள்ளை தலைக்கு மேல ட்ரோன் பறக்க விடறதுதான் அவன் வேலை. ஒருநாள் அவன், "ஏல, இதை உங்க மாமா தோப்புல விட்டா யானை எங்க நிக்குன்னு சொல்லிருவேன்"ன்னான். காட்டு ஓரத்துல அனுமதி இல்லாம விட்டா யானைக்கு முன்னாடி வனத்துறை உன்னைப் பிடிச்சிரும்னு சொல்லி வச்சேன் :-) ஆனா அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து இதைப் பத்தி நிறையப் படிச்சேன்.

காட்டு வேலைக்கு ட்ரோன் புதுசு இல்லை. 2012-லயே சுமத்ராவுல ஒராங்குட்டான் கூடுகளைத் தேட சின்ன விமானம் விட்டுப் பார்த்தாங்க. 2013-ல அசாம் காசிரங்காவுல காண்டாமிருக வேட்டையைத் தடுக்க விட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2021-ல மசினகுடி பக்கம் டி23 புலியைத் தேடினப்ப கும்கி, மோப்ப நாய், கேமராவோட ட்ரோனும் போச்சு. அவ்வளவு இருந்தும் 21 நாள் ஆச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்சது 2023 டிசம்பர்ல ஆனைமலையில நடந்தது. தாயை விட்டுப் பிரிஞ்ச ஒரு குட்டியானை. ட்ரோன் விட்டுக் கூட்டம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, குட்டியைக் குளிப்பாட்டி, கூட்டத்துக்கிட்ட கொண்டுபோய் விட்டுட்டாங்க. அப்புறம் அந்தக் குட்டி அம்மா மேல சாய்ஞ்சு தூங்கற போட்டோ வந்துச்சே, நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒண்ணு கவனிச்சீங்களா, அங்கயும் ட்ரோன் மட்டும் போதலை. மலையை அறிஞ்ச வனக் காவலர்கள் கூட இருந்தாங்க.

யானையை விரட்டவும் ட்ரோன் உதவும். தான்சானியாவுல பண்ணின ஆய்வு 2017-ல வெளிவந்துச்சு. பயிருக்குள்ள வந்த யானைகளை 51 தடவை ட்ரோன் வச்சு விரட்டியிருக்காங்க, 51 தடவையும் யானை ஓடியிருக்கு. அந்த ரீங்காரம் தேனீக் கூட்டம் மாதிரி கேட்கிறதாலயா இருக்கலாம்னு ஒரு கருத்து. இதைப் படிச்சதும் துள்ளிக் குதிச்சு மாமாவுக்கு போன் போட்டேன். பொறுமையாக் கேட்டுட்டு அவர் கேட்டார்: "ஓடுச்சு சரி, எங்கன ஓடுச்சு?"

எனக்குப் பதில் சொல்ல வரலை. எங்க ஊர்ல தோப்புக்குப் பக்கத்துல இன்னொரு தோப்பு, அதுக்கு அடுத்து வாழை, அதுக்கு அடுத்து தெரு. மேற்கே விரட்டினா காடு, கிழக்கே திரும்பிட்டா ஊரு. இருட்டுல மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும்னு ட்ரோனுக்குத் தெரியாது, ஓட்டறவனுக்கும் தெரியாது. இன்னொண்ணு, வெடிக்கும் ஆரம்பத்துல ஓடத்தான் செஞ்சுது. இப்பல்லாம் வெடி போட்டா தலையைத் திருப்பிப் பார்த்துட்டு மறுபடி தின்னுது. மிருகம் ஓடலைன்னா அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னும் அர்த்தம் இல்லை. 2015-ல அமெரிக்காவுல கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்புக் கருவி மாட்டி ட்ரோன் விட்டுப் பார்த்தாங்க. கரடிங்க பெரும்பாலும் சும்மாதான் நின்னுச்சு, ஆனா உள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு. குற்றாலத்துல சீசனுக்கு வந்து வீடியோவுக்காக அருவிக்கு மேல காட்டுக்குள்ள ட்ரோன் விடறவங்க இதைப் படிச்சா நல்லாருக்கும்.

அதனால விரட்டறதுக்கு வேண்டாம், பார்க்கிறதுக்கு மட்டும் வச்சுக்கலாம்ங்கிறது என் கட்சி. வெப்பத்தைக் காட்டுற தெர்மல் கேமரா இருந்தா ராத்திரியில நிலம் குளிர்ந்த பிறகு யானை வெள்ளையாப் பளிச்சுன்னு தெரியும். தென்னந்தோப்பு, வாழை, வயல் ஓரம் இதுக்கெல்லாம் அருமை. ஆனா குற்றாலம் மலை மாதிரி அடர்ந்த காட்டுல இலை மூடியிருந்தா கீழ இருக்கிறது தெரியாது. பகல்ல பாறையே சூடாக் கிடக்கும், எது பாறை எது யானைன்னு குழப்பம். இந்தக் கேமரா வச்ச ட்ரோன் விலை லட்சக்கணக்குல, தனி விவசாயி வாங்க முடியாது. பேட்டரி அரை மணி நேரம் நின்னா பெரிசு. எல்லாத்துக்கும் மேல நம்ம சாரல்! ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கணவாய் வழியா அடிக்கிற காத்துல குடையே நிக்காது, ட்ரோன் எங்க நிக்கிறது?

அதுக்குப் பிறகுதான் வால்பாறை விஷயம் கண்ணுல பட்டுச்சு. அங்க இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆட்கள், ஆனந்தகுமார்ங்கிற ஆராய்ச்சியாளர் முன்நின்னு, பல வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. யானை எந்த எஸ்டேட்ல நிக்குதுன்னு உள்ளூர் டிவியில எழுத்து ஓடும், செல்போனுக்கு எஸ்எம்எஸ் வரும், முக்கியமான இடங்கள்ல சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சா அந்தப் பாதையில போகாதேன்னு அர்த்தம். யானைகிட்ட மாட்டிச் சாகிறவங்க எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சுது. இதுக்காக அவருக்கு 2015-ல விட்லி விருது கிடைச்சுது. அதுல ட்ரோனே இல்லை!

மேல இருந்து பார்க்கிற கண்ணு கிடைச்சிருச்சு. பார்த்ததை ராத்திரி பதினோரு மணிக்கு வடகரையில சைக்கிள்ல காவலுக்குக் கிளம்பற ஒருத்தர்கிட்ட யார் சொல்றது? மாமாகிட்ட ஸ்மார்ட்போன் கிடையாது, பட்டன் போன்தான். அவருக்கு வாட்ஸ்அப் குரூப் உதவாது, சிவப்பு விளக்கு உதவும்.

போன வாரம் அவர்கிட்ட இதைச் சொன்னேன். ட்ரோனைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. விளக்கை எங்க வைக்கணும்னு மட்டும் தெளிவாச் சொன்னார். மேக்கரை ரோட்டுல ஒண்ணு, அணைக்குப் போற திருப்பத்துல ஒண்ணு, அப்புறம் டீக்கடை வாசல்ல ஒண்ணு. "டீக்கடையில எதுக்கு மாமா?"ன்னேன்.

"அங்கனதாம்ல எல்லாரும் இருப்பாங்க"ன்னார்.