பட்டறை மேஜையின் 4007

ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் மேஜையில் உள்ள டப்பாவைக் கிளறினால் கறுப்பாக, ஒரு முனையில் வெள்ளிக்கோட்டோடு, இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு ஒரு சின்ன உருளை கட்டாயம் கிடைக்கும். அதுதான் 1என்4007 டயோடு. மெக்கானிக்குகளுக்கு வெறும் ‘4007’.

இந்த வரிசையில் முதலாவதான 4001 தாங்குவது 50 வோல்ட். கடைசியான 4007, 1000 வோல்ட்டைத் தாங்கும். கரண்ட் எல்லாவற்றுக்கும் ஒரு ஆம்பியர்தான். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எதற்கும் 4007-ஐயே போட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் உச்சத்தில் 325-ஐத் தொடுகிறது. 4001 அங்கே நொடியில் போய்விடும்.

டயோடு, வெள்ளிக்கோட்டை நோக்கி வரும் கரண்ட்டை விடும், எதிர்ப்பக்கம் வருவதை நிறுத்தும். இதை வைத்துச் சில பட்டறைகளில் ஓர் அழகான வேலை செய்வார்கள். 25 வாட் சால்டரிங் அயர்னின் வயரில் ஒரு 4007, அதற்குக் குறுக்கே ஒரு சுவிட்ச். வேலை இல்லாதபோது சுவிட்சை அணைத்தால் ஏசியின் பாதி அலை மட்டும் டயோடு வழியாகப் போகும். சூடு குறையும், முனை கருகாது. சுவிட்சைப் போட்டால் முழுச் சூடும் திரும்பிவிடும். இத்தனை மலிவாக இவ்வளவு உபயோகம் தரும் பொருள் அந்த மேஜையில் வேறில்லை.

கரண்ட் ஒரு பக்கம் மட்டும் போகும் என்பதை 1874-இல் கண்டு எழுதியவர் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் பிரவுன். அப்போது அவருக்கு வயது 24. கந்தகம் கலந்த உலோகப் படிகங்களில் கம்பி முனையை அழுத்திவைத்துப் பார்த்தார். திசையை மாற்றினால் கரண்ட்டின் அளவும் மாறியது. அதை வைத்து என்ன செய்வது என்று அன்று யாருக்கும் புலப்படவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு, கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தால் மின்காந்த அலைகளைப் பிடித்தார். 1901-இல் விண்ணப்பித்த அந்தக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் கிடைத்தது. பிரவுனுக்கு 1909-இல் மார்க்கோனியோடு சேர்த்து நோபல் பரிசு வந்தது கம்பியில்லாத் தந்திக்காக. படிகத்துக்காகவே கொடுத்திருந்தாலும் தகும்.

இன்று எல்இடி பல்புகள் பலவற்றின் பலகையில் ‘எம்7’ என்ற எழுத்தோடு ஒட்டியிருப்பதும் இதே 4007-இன் சப்பை வடிவம்தான்.

ஒரே இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கரண்ட்டை அதிவேகமாகப் போட்டு அணைத்து வேலை செய்யும் எஸ்எம்பிஎஸ் சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு வரும் டயோடு போனால் 4007-ஐ வைக்காதீர்கள். அந்த வேகத்துக்கு அதனால் அணைய முடியாது, சூடேறி வெடிக்கும். வேகமான வகையாகக் கேட்டு வாங்குங்கள்.