பெயின்ட்டுக்கு அடியில்

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் தொட்டால் எப்போதாவது 'சுரீர்' என்கிறதா? செருப்புப் போட்டுக்கொண்டு திறந்து சமாளிக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

1994. கோயம்புத்தூர் பக்கம் ஒரு புது நூல் மில். நான் கமிஷனிங் இன்ஜினீயர். வயது 26. மீசையைத் தவிர சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

கமிஷனிங் என்றால் புது ஆலைக்கு முதல்முதலாக கரன்ட் கொடுக்குமுன் ஒவ்வொரு கேபிளையும் மோட்டாரையும் சோதிக்கிற வேலை. மெக்கர் என்று ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் 500 வோல்ட் வரும். இன்சுலேஷன் ஒழுங்காக இருந்தால் முள் மெகா ஓம்களில் நிற்கும். ஈரம் குடித்திருந்தால் பூஜ்யம் பக்கம் சரியும். அப்புறம் எர்த். மோட்டாருக்குள் வயர் உரசி உடம்பில் கரன்ட் ஏறினால், அது திரும்பிப் போக ஒரு நல்ல பாதை வேண்டும். பாதை இருந்தால் ஏராளமாகப் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். இல்லாவிட்டால் மோட்டார் சமர்த்தாக ஓடிக்கொண்டே, தொடப்போகிறவருக்காக 240 வோல்ட்டோடு காத்திருக்கும். நெஞ்சு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கொஞ்ச நேரம் போனாலே ஆபத்து. ஒரு சின்ன பல்பு எரிகிற கரன்ட்கூட இல்லை. அதனால்தான் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்றன 1956-ம் வருட மின்சார விதிகள். ஒன்று விட்டாலும் இன்னொன்று காப்பாற்றும்.

மறுநாள் காலை 9 மணிக்கு முகூர்த்தம். பந்தல், மைக் செட், மந்திரிக்கு மாலை எல்லாம் ரெடி. முதல் நாள் ராத்திரி 2 மணிக்கு 42 மோட்டார் முடித்திருந்தேன். பாக்கி ஆறு. கண் சொருகியது. 42-லும் 0.2 ஓம்தானே வந்தது? ஆறு கட்டத்திலும் 0.2 எழுதி, கையெழுத்துப் போட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் மின் ஆய்வாளர் வந்தார். அவர் அனுமதி இல்லாமல் 11 கே.வி. சப்ளை வராது. காபி வேண்டாம் என்றார். தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். எழுத்து மாறியிருந்ததோ என்னவோ!

மீட்டர் 40 ஓம் காட்டியது.

"0.2 எங்கேருந்து வந்துச்சு தம்பி?"

என்னத்தைச் சொல்ல? போல்ட்டைக் கழற்றச் சொன்னார். மில் பெயின்ட்டர் பளபளவென்று பச்சை அடித்திருந்தான்; அதன் மேலேயே இரண்டு எர்த் பட்டைகளையும் வைத்து முடுக்கியிருந்தார்கள். பெயின்ட் அருமையான இன்சுலேட்டர், சார். ஆறில் மூன்று அப்படி.

முதலாளி என் பக்கம் திரும்பவேயில்லை. "நேரம் போகுதுங்க, ஒரு சுவிட்ச் மட்டும் போட்டுக்கலாமுங்களா?" என்று ஆய்வாளரிடம் கெஞ்சினார். அவர் தலையாட்டினார், இடமும் வலமுமாக. 48-ஐயும் தன் கண் முன்னால் மறுபடி அளக்கச் சொல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மந்திரி குத்துவிளக்கை ஏற்றிவிட்டுக் கிளம்பினார்.

உப்புத்தாள் போட்டு பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஹாஸ்டல் பெண் ஒருத்தி வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். காலில் செருப்பில்லை. அந்த மோட்டாரின் மேலேயே கை ஊன்றி நின்றாள்.

"அண்ணா, மிஷின் எப்போ ஓடும்?"

"நாளைக்கு."

"அப்போ இன்னிக்கு லீவுங்களா!" என்று சந்தோஷமாக ஓடிப்போனாள்.