காபிக்கு முந்திய ஒரு மணி நேரம்

சித்திரை மாத ராஜபாளையத்தில் மின்விசிறிகூட அனலைத்தான் இறைக்கும். அந்த வெயிலிலும் ஒரு வீட்டில், கல்லூரிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் மட்டும் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். “பரீட்சைக்குக் கண் முழிச்சுப் படிச்ச அலுப்பு” என்றார் அம்மா. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. போர் தண்ணீர் சேரவில்லை என்றார்கள். ஆறு மாதத்தில் 7 கிலோ கூடியது. புரோட்டா மீது பழி போட்டார்கள். மாதவிலக்கு பத்து நாள் நீண்டது. “இந்த வயசுல அப்படித்தான்” என்று பக்கத்து வீட்டில் சமாதானம் சொன்னார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. குரல் கரகரத்து, முகம் உப்பிய பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.ஹெச். 18 என்று வந்தது. 0.4 முதல் 4.5 வரை இருக்கலாம் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது.

அம்மாவுக்கு உடனே ஒரு சந்தேகம். “அளவு கூடியிருக்குன்னா தைராய்டு கூடுதலா வேலை பாக்குதுன்னுதானே அர்த்தம்? குறைவுங்கிறீங்களே?”

அப்பா நூற்பாலைத் தொழிலாளி. அது தெரிந்த டாக்டர் மில் கணக்கிலேயே விளக்கினார். கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பிதான் தொழிலாளி. உடம்பு எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தைராக்சின் ஹார்மோனை அதுதான் உற்பத்தி செய்கிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி மேஸ்திரி. உற்பத்தி குறைந்தால் மேஸ்திரி சத்தம் போடுவார். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.ஹெச். சத்தம் 18-க்குப் போயிருக்கிறது என்றால், கீழே உற்பத்தி படுத்துவிட்டது என்று அர்த்தம்.

ஏன் படுத்தது என்பதற்கும் பதில் கிடைத்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் சொந்தச் சுரப்பியை எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் அது. 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹஷிமோட்டோ இதை முதலில் விவரித்தார். அவர் பெயரிலேயே ஹஷிமோட்டோ நோய் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு கூடும். இது அபூர்வமான நோயும் அல்ல. சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களில் சுமார் 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது.

வைத்தியம் ஒரே ஒரு சின்ன மாத்திரை. லெவோதைராக்சின், 50 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு துளி மருந்து என்பதால்தான் அதைச் சாப்பிடும் முறை முக்கியமாகிறது. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, டீ, பால், டிபன் எதுவும் கூடாது. காபி உள்ளே போனால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது.

இந்த மாத்திரை வருவதற்கு முன்னால் நிலைமை வேறு. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். கைவிடப்பட்ட நிலையில் இருந்த அந்தப் பெண் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அதே வேலையைச் செய்யும் மாத்திரைக்கு ஒரு மாதம் ஆகும் செலவு, அரைக் கிலோ பால்கோவா விலைகூட இல்லை.

ஆறு வாரத்தில் மகளுக்குக் குளிர் விட்டது. எட்டாவது வாரம் எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 6. மாத்திரையை 75 மைக்ரோகிராமாகக் கூட்டினார்கள். அடுத்த பரிசோதனையில் 2.4. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று பார்த்ததும் அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டு வந்தார். “சரியாப் போச்சு. இனி மாத்திரை எதுக்கு?” என்றும் கேட்டார்.

தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துவது போலத்தான் இதையும் நினைக்கிறார்கள். ஆனால், ‘நார்மல்’ என்பது சுரப்பி குணமானதற்கான சான்றிதழ் அல்ல. சுரப்பி செய்ய வேண்டிய வேலையை மாத்திரை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக யாரும் கண்ணாடியைக் கழற்றிப் பரண் மேல் போடுவதில்லை.

மகள் நிறுத்தவில்லை. ஆனால், ‘காலம் முழுக்க மாத்திரை’ என்ற வார்த்தை அம்மாவின் மனதில் முள்ளாகத் தைத்தது. இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரன் வந்தபோது அந்த முள் வேலை செய்தது. நட்சத்திரம் சொன்னார்கள், படிப்பு சொன்னார்கள், எத்தனை பவுன் என்று சொன்னார்கள். மாத்திரை டப்பாவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. “போன இடத்துல மெதுவாச் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா சீக்காளிப் பொண்ணுன்னு பேராயிரும்” என்றார் அம்மா.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால், அந்த மாத்திரை டப்பா ஒரு வீட்டின் சமையலறை அலமாரியிலிருந்து இன்னொரு வீட்டின் பீரோவுக்குள், பட்டுப்புடவை மடிப்புக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது.

புகுந்த வீட்டில் கொடுமை எதுவும் இல்லை. பிரச்னையே அன்புதான். அத்தை விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். மருமகள் பல் துலக்கி வருவதற்குள் நுரை பொங்க ஆற்றிய காபி டம்ளரில் தயாராக இருக்கும். மார்கழியில் ஆண்டாள் கோயில் பக்கமிருந்து திருப்பாவை கேட்கும் நேரத்தில், அவர் எதிரில் உட்கார்ந்து, “சூடா இருக்கும்போதே குடி தாயி” என்பார். அந்த டம்ளரை எப்படித் தள்ளி வைப்பது? காபி முடிந்து, டிபனும் முடிந்து, எல்லாரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு பீரோவைத் திறந்து மாத்திரையை விழுங்குவாள். விருந்தாளிகள் இருந்தால் அதுவும் இல்லை. கணவனிடம் முதல் மாதமே சொல்லிவிட்டாள். “அம்மாகிட்ட நான் பக்குவமாச் சொல்றேன்” என்றவன் பத்து மாதமாகப் பக்குவம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மருந்தில் பாதி உடம்பிலிருந்து வெளியேற சுமார் 7 நாள் ஆகும். அதனால் ஒரு நாள் மறந்தால் குடி முழுகிப் போகாது. ஆனால், மாதக்கணக்கில் காபிக்கு மேல் போட்டால், போட்டும் போடாத கதைதான். முதலில் வந்தது சோர்வு. புது இடம் பழகவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

நாள் தள்ளிப்போனபோது அத்தைதான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். ஏழாவது வாரம். “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்று வழக்கமாகக் கேட்பது போலத்தான் டாக்டர் கேட்டார். பக்கத்தில் அத்தை. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் என்னென்னவோ யோசித்திருக்கலாம். ஆனால், வாயில் வந்தது உண்மை. “தைராய்டுக்கு ஒண்ணு சாப்பிடுறேன் டாக்டர். ஒழுங்காச் சாப்பிடலை.”

பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 9.6. டாக்டர் பதறவில்லை. ஆனால், ஒளிக்காமல் சொன்னார். முதல் சில மாதங்களுக்கு வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு சொந்தத் தைராய்டு முழுதாக வேலை செய்யாது. தாயின் ஹார்மோனை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் ஆகும் ஆபத்து கூடும். கர்ப்பம் உறுதியானதுமே பெரும்பாலான பெண்களுக்கு இந்த மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். இவளுக்கும் கூட்டினார். பாதிக் கர்ப்பம் தாண்டும் வரை 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.ஹெச். 2.5-க்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார். “இத்தனை நாளா நான் ஆத்திக் குடுத்த காபியாலதான் உன் வைத்தியம் கெட்டுச்சா தாயி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அன்று சாயங்காலம் ராஜபாளையத்துக்கும் போன் போனது. “பொண்ணுக்கு உடம்புல ஒண்ணு இருக்குங்கிறதுக்கு எனக்குக் கோவம் இல்லை மதினி. எங்க வீட்டுல சொன்னா எடுத்தெறிஞ்சு பேசுவோம்னு நெனச்சீங்க பாருங்க, அதுதான் கோவம்.” இந்தப் பக்கம் அம்மாவுக்குப் பதில் பேச வார்த்தை வரவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டின் கால அட்டவணை மாறியது. பீரோவிலிருந்த டப்பா கட்டில் பக்கம் வந்தது, ஒரு சொம்புத் தண்ணீரோடு. அடுப்பு மேடை வேண்டாம் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. அத்தை நாலரைக்கு எழுந்ததும் மருமகளைத் தட்டி எழுப்பி மாத்திரையைப் போட வைத்துவிட்டு, மறுபடி தூங்கச் சொல்வார். அவளுக்கான காபி அஞ்சரைக்குப் பிறகுதான். மூன்று மாதம் முடிந்து இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்தபோது அதற்கும் இடம் ஒதுக்கினார்கள். இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பின், கால்சியம் இரவில். இவை இரண்டும் தைராய்டு மாத்திரையோடு சேர்ந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி அவசியம்.

சேதி தெரிந்ததும் தெருவே சாப்பாட்டு ஆலோசகர் ஆனது. முட்டைக்கோஸ் கூடாது, காலிஃபிளவர் கூடாது, கம்பங்கூழ் ஆகாது, பால்கோவாவைத் தொடவே கூடாது. அத்தை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடமே நீட்டினார். அவர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவரில் தைராய்டுக்கு இடைஞ்சல் செய்யும் பொருள் கொஞ்சம் உண்டு. வேக வைத்தால் குறைந்துவிடும். பொரியலாக அளவோடு சாப்பிடத் தடையில்லை. கம்பிலும் அப்படி ஒன்று உண்டு. மூன்று வேளையும் அதுவே உணவு, அயோடினும் போதாது என்றால்தான் கவலை. எப்போதாவது கூழ் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. சோயா, மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதனால் மாத்திரைக்கு அருகில் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தைராய்டுக்கும் அதற்கும் விரோதம் இல்லை. ஆனால், சர்க்கரை சர்க்கரைதான். எடை ஏறும் உடம்புக்கு ஒரு ஸ்பூன் போதும்.

உப்பு விஷயத்தில் அயோடின் கலந்த சாதாரண உப்பே போதும். 1962-லிருந்து அரசு இதற்காகவே திட்டம் நடத்துகிறது. இந்துப்பு நல்லது என்று மாற்றிக்கொள்பவர்கள், அதில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாக்கெட்டைப் பார்க்க வேண்டும். அதே சமயம் ‘தைராய்டுக்கு அயோடின் நல்லது’ என்று டாக்டர் சொல்லாமல் கூடுதல் அயோடின் மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும் தவறு. ஹஷிமோட்டோ நோயில் அளவுக்கு மிஞ்சிய அயோடின் நிலைமையை மோசமாக்கலாம். சாப்பாடு உடம்புக்குத் துணை நிற்கும், எடையையும் மலச்சிக்கலையும் சமாளிக்க உதவும். சுரப்பியின் இடத்தில் அதனால் உட்கார முடியாது.

பரிசோதனைக்கும் சில ஒழுங்குகள் உண்டு. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில், ஒரே நேரத்தில் எடுத்தால்தான் போன தடவையோடு ஒப்பிட முடியும். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது பரிசோதனை முடிவைத் தாறுமாறாகக் காட்டிவிடும். சோர்வாக இருக்கிறது என்று தானாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்வது இன்னும் மோசம். அளவு மிஞ்சினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நாளடைவில் எலும்பும் தேயும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது இதனால்தான்.

எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். 2.1-க்கு வந்தது. ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து ஒரு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குழந்தைக்கும் தைராய்டு பார்த்தார்கள். பிறவியிலேயே குறைவு இருந்தால் முதல் சில வாரங்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும், தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பதால் இந்தப் பரிசோதனை. குழந்தைக்குக் குறை எதுவும் இல்லை. தாய்க்கு மாத்திரை பழைய அளவுக்கு இறங்கியது. ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை. தாய்ப்பால் கொடுக்க இந்த மாத்திரை தடையில்லை.

பிரசவத்துக்கு வந்திருந்த ராஜபாளையத்து அம்மாவிடம், “வீட்டுல மத்தவங்களும் ஒருதடவை பாத்துக்கோங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பார்த்தார்கள். இளைய மகளுக்கு டி.எஸ்.ஹெச். 11. இப்போது அவளும் காலையில் ஒரு மாத்திரை போடுகிறாள். காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கிறாள்.

போன தை மாதம் அவளுக்கு வரன் பேச வந்தார்கள். நட்சத்திரம், படிப்பு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவே குறுக்கிட்டார். “இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன். பொண்ணுக்குத் தைராய்டு குறைவு இருக்கு. தினம் காலையில ஒரு மாத்திரை போடுறா. நல்லா இருக்கா.” அந்த வீட்டார் அப்புறம் போன் செய்யவில்லை. அம்மா அதற்காக வருத்தப்படவும் இல்லை. அடுத்து வந்தவர்களிடமும் அதையே, அதே வார்த்தைகளில் சொன்னார். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: “காபி எத்தனை மணிக்குக் கொடுக்கணும்?”