முதலில் படித்தவர் எதை விட்டுவைத்தார்?

வலைச் சர்வருக்கு வந்துசேரும் கோரிக்கையின் உடற்பகுதி ஒரு கோப்பு அன்று. அது ஓர் ஓட்டம். பைட்டுகள் வரிசையாக வருகின்றன. படிக்கப்பட்டவை ஓட்டத்திலிருந்து நீங்கிவிடுகின்றன. அவற்றை இன்னொருவரும் படிக்க வேண்டுமாயின், முதலில் படித்தவர் எங்கேனும் எடுத்து வைத்திருக்க வேண்டும். பேச்சின் இயல்பும் இதுவே என்பதால் மொழியியலாருக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் ஒரு பல்கலைக்கழக மொழியியல் ஆய்வகத்தின் சர்வர் நான்கு நாட்கள் முடங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஒடிசாவின் கோராபுட் மலைப்பகுதியில் குதோப் பேசுவோரிடம் கதைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார் அவ்வாய்வகத்தின் மாணவி ஒருவர். குதோப் முண்டா குடும்பத்து மொழி. அண்டையிலுள்ள ஒல்லாரி திராவிட மொழி. வெளியார் இரு சாராரையும் கதபா என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகின்றனர். ஆகவே பேசியவர் யார், எந்த மொழியில் பேசினார், எதற்கு இசைவு தந்தார் என்பன ஒலியோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்திருக்க வேண்டும் என்பதில் ஆய்வகம் கண்டிப்பாக இருந்தது. செயலியும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. நொடிக்கு 48,000 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் என்னும் அளவில் பத்து நிமிடக் கதை 57.6 மெகாபைட் ஆகும். மலையில் கிடைக்கும் இணைப்பில் அது ஒரே மூச்சில் ஏறாது என்பதால் 2 மெகாபைட் துண்டுகளாக, ஏறத்தாழ 29 கோரிக்கைகளில் அனுப்பப்படும். ஒவ்வொன்றிலும் இசைவு எண், பேசுநர் குறியீடு, ஒலித்துண்டு ஆகிய மூன்றும் மல்டிபார்ட் வடிவில் இருக்கும். உடற்பகுதி முழுவதற்குமாக ஒரு எஸ்எச்ஏ-256 முத்திரையைக் கைப்பேசி கணக்கிட்டுத் தலைப்பகுதியில் வைக்கும். சர்வர் அதே கணக்கைத் தானும் செய்து பார்த்து, ஒத்துவந்தால் மட்டுமே சேமிக்கும்.

பின்னர் பல்கலைக்கழக அறநெறிக் குழு ஒரு விதியை விதித்தது: இசைவு எண் இல்லாத எதுவும் சேமிக்கப்படக்கூடாது, வருவது ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். நியாயமான விதி. கணினியியல் துறை மாணவர் ஒருவர் அதை ஒரு மிடில்வேராக எழுதித் தந்தார். கோரிக்கை உரிய நிரலை அடையும் முன் இடைவழியில் நின்று இசைவு எண்ணைப் பார்ப்பதும் குறித்துக்கொள்வதும் அதன் வேலை. பத்து வரி கூட இராது. சொற்பட்டியல்களை அனுப்பிச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது.

மலையிலிருந்து அனுப்பிய ஒலித்துண்டுகளுக்கு மட்டும் 500 என்ற பிழை எண்ணே திரும்பி வந்தது. மாணவியின் கைப்பேசியில் இடம் குறைந்துகொண்டே வந்தது. எந்தப் பதிவை அழித்துவிட்டு அடுத்த கதையைக் கேட்பது என்று அவர் ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்கும் நிலை வந்தது. ஆய்வகத்திலோ பதிவேட்டில் வரிகள் குறையின்றி ஏறிக்கொண்டிருந்தன: இசைவு எண், நாள், நேரம். பதிவேட்டை மட்டும் பார்ப்பவர் எல்லாக் கதைகளும் பத்திரமாக வந்துவிட்டன என்றே எண்ணியிருப்பார். சேமிப்பகத்தில் ஒரு நொடி ஒலியும் இல்லை.

சர்வரைக் கவனித்துவந்தவர் மொழியியல் முதுகலை முடித்த ஆய்வு மாணவர். நிரலாக்கம் தேவைக்குக் கற்றது. முதல் இரண்டு நாட்கள் இணைப்பின் மீதே பழி போனது. மலை என்றால் இணைப்பு மோசம் என்னும் முன்முடிவு ஆய்வுலகில் மிக எளிதாகக் கிடைக்கும் விளக்கம். மூன்றாம் நாள் பிழைப்பதிவைத் திறந்தபோது, ஓட்டத்திலிருந்து தரவு படிக்கப்பட்ட பின் உடற்பகுதியை அணுக இயலாது என்று ஜாங்கோ தெளிவாகவே சொல்லியிருந்தது. செயலி அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் காட்டியிருக்கிறது.

ஜாங்கோவில் ஒரே கோரிக்கையை இரு வகையில் படிக்கலாம். ரெக்வெஸ்ட்.பாடி பைட்டுகளை வந்தபடியே தரும். தந்தபின் ஒரு படியை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ரெக்வெஸ்ட்.போஸ்ட் அவற்றைப் பகுத்துப் புலம் புலமாகத் தரும். முதலில் பாடி, பிறகு போஸ்ட் என்றால் சிக்கல் இல்லை. வைத்திருக்கும் படியிலிருந்து பகுத்துக்கொள்ளும். மல்டிபார்ட் கோரிக்கையில் முதலில் போஸ்ட்டைத் தொட்டால் அது ஓட்டத்திலிருந்தே நேராகப் பகுத்துவிடுகிறது. மூலம் எங்கும் எஞ்சுவதில்லை. ஜேசன் வடிவக் கோரிக்கையிலோ போஸ்ட் வெறுமையாகத் திரும்புகிறது, ஓட்டத்தைத் தொடுவதே இல்லை. சொற்பட்டியல்கள் ஜேசனில், இசைவு எண்ணைத் தலைப்பகுதியில் தாங்கிச் சென்றன. எனவே சோதனையில் தேறின. மிடில்வேரில் போஸ்ட்டைத் தொடுவதைத் தவிர்க்கும்படி ஜாங்கோவின் ஆவணமே கூறுகிறது. அதை எழுதிய மாணவர் அப்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஆய்வகத்திலும் எவரும் பார்த்திருக்கவில்லை.

பகுத்த துண்டுகள் கையில் இருக்கின்றனவே, அவற்றைச் சேர்த்து முத்திரையைக் கணக்கிடலாகாதா என்று ஒருவர் கேட்டார். ஆகாது. பகுதிகளுக்கு இடையே நின்ற எல்லைச் சரம், ஒவ்வொரு பகுதியின் தலைவரிகள், வரிமுறிவுகள் ஆகியவற்றைப் பகுப்பி உதிர்த்துவிட்டது. பொருள் முழுமையாக உள்ளது. வந்த வடிவம் இல்லை. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பைப் பயன்படுத்தியோர் இந்நிலையை அறிவர். 1894இல் தொடங்கி 1928இல் நிறைவுற்ற அப்பணியில், ஊதாரி மகன் உவமையை ஊர்தோறும் மொழிபெயர்த்து எழுதியோரில் பலர் உள்ளூர் அலுவலர்கள். இன்று நம்மிடம் இருப்பவை அவர்கள் பகுத்து எழுதிய எழுத்துகள். பெரும்பாலானவற்றுக்கு, எங்கே மூச்சு நின்றது, எந்த உயிர் நீண்டது என்று சரிபார்க்க மூலக் குரல் இல்லை. கிரியர்சனைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் காலத்துக் கருவிகள் அவ்வளவே. இரண்டும் கைவசம் உள்ள காலத்தில் ஒன்றை இழப்பதுதான் உறுத்துகிறது.

திருத்தத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. மிடில்வேரின் சோதனையை, உரிய நிரல் வேலை முடித்த பிறகு நடக்குமாறு இடம் மாற்றலாம். நிரல் முதலில் பாடியைப் படித்திருக்கும், போஸ்ட்டும் கிடைக்கும், பிழை மறையும். நிரல் எழுதுவோரில் பலர் இதையே தேர்ந்திருப்பர். ஆய்வு மாணவர் இதை ஏற்கவில்லை: குரலைச் சேமித்துவிட்டுப் பிறகு இசைவைத் தேடுவதாக அது முடியும். இசைவு எண்ணைத் தலைப்பகுதிக்கு மாற்றி, முத்திரையைத் தலை, உடல் இரண்டுக்குமாகக் கணக்கிடுவது முறையான வழி. மிடில்வேர் உடற்பகுதியைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் செயலியின் புதிய பதிப்பு வேண்டும். மலையிலுள்ள கைப்பேசியில் அதை ஏற்றுவது அன்றைக்கு நடக்கிற காரியம் அன்று.

எஞ்சியது ஒரே வரி. போஸ்ட்டைத் தொடும் முன் மிடில்வேர் பாடியைப் படித்துவிட வேண்டும். துண்டு 2 மெகாபைட் என்பதால் இது செல்லும். பாடியாகப் படிக்க ஜாங்கோ இயல்பாக அனுமதிக்கும் உச்சம் 26,21,440 பைட்டுகள். யாரேனும் துண்டை 3 மெகாபைட் ஆக்கினால் 500 போய் 400 வரும். அன்றிரவு வரி சேர்க்கப்பட்டது. விடியற்காலைக்குள் முதல் கதையின் துண்டுகள் யாவும் ஏறின. எதையும் அழிக்க வேண்டாம் என்று மாணவிக்குச் செய்தி போயிற்று. பதிவேட்டில் ஏறியிருந்த பொய்வரிகளை நீக்காமல், ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஒலி வரவில்லை’ என்று கையால் எழுத ஒரு முழுநாள் ஆயிற்று.

செயலியின் புதிய பதிப்பு இன்னும் ஆயத்தமாகவில்லை. மிடில்வேரில் அந்த வரியின் மேலே இப்போது ஒரு குறிப்பு நிற்கிறது: இங்கே படிக்கும் மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை எனக் கருதி இவ்வரியை நீக்க வேண்டாம், அடுத்து வருபவருக்காகவே இது படிக்கப்படுகிறது.