ஆம்னி வேன் தம்பிக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். நீங்கள் குடியிருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். திருப்பூர் பக்கம் போய்விட்டீர்கள் என்றார் ஒருவர். ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறீர்கள் என்றார் இன்னொருவர். முகவரி யாரிடமும் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை, எழுதினால் கூச்சப்படுவீர்கள். செவ்வாய், வியாழன், சனி என்ற மூன்று கிழமைகளைச் சொன்னாலே யார் எழுதுகிறார்கள், யாருக்கு எழுதுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நன்றி சொல்லிக் கடிதம் எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. இத்தனை வருடம் கழித்தும் அது ஆறவில்லை. கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நன்றியை மட்டும் எழுதப் பார்த்தேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்தது. கிழித்துப்போட்டுவிட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 செவ்வாய்க்கிழமை. காலை முதல் ஷிஃப்டில் புதுச்சேரியில் டயாலிசிஸ் முடித்துவிட்டு வீடு திரும்பினேன். அன்று மாலை ஆறு மணிக்கு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் கொரோனாவுக்காக 21 நாள் ஊரடங்கு என்றார். பக்கத்து வீடுகளில் அரிசி, பருப்பு, பால் பவுடர் என்று கணக்குப் போட்டார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். இருபத்தொரு நாளுக்குள் எனக்கு ஒன்பது டயாலிசிஸ்.

ஏன் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நாட்களில் கேட்காதவர்கள் இல்லை. கேட்காமலா இருந்தோம்? நாங்கள் விசாரித்த இடங்களில் எல்லா ஷிஃப்டும் நிரம்பியிருந்தது. மெஷினில் ஓர் இடம் காலியாக வேண்டுமென்றால் ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒருவர் சாக வேண்டும். அதற்காகக் காத்திருக்க என்னால் முடியவில்லை. காத்திருக்கவும் மனசு வரவில்லை.

தவிர, புதுச்சேரி எங்களுக்கு வெளியூராக என்றைக்கு இருந்தது? பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன கோடு வயலுக்கும் தெருவுக்கும் நடுவில் வளைந்து வளைந்து ஓடுகிறது. பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, படிப்பு, வேலை, வைத்தியம் எல்லாமே அந்தக் கோட்டைத் தாண்டித்தான். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்வராத குடும்பம் எங்கள் பக்கம் அபூர்வம். ஆல்பேட்டை, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்குள் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும் சாலை அது. வண்டியை நிறுத்தினால் மது பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான் நாங்கள் அறிந்த எல்லை. ஒரே ராத்திரியில் அது வேறு நாட்டு எல்லையாக ஆகிவிட்டது.

மார்ச் 26 வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் காரில் கிளம்பினோம். திருப்பி அனுப்பினார்கள். எந்த இடத்தில், எந்தப் பக்கத்துக் காவலர் என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் பையனுக்கு மேலிருந்து என்ன சொல்லியிருந்தார்களோ, அதைச் செய்தான். “அந்த ஊர் வண்டி உள்ள வரக் கூடாதும்மா, ஆம்புலன்ஸ்ல வாங்க” என்றான். ஆம்புலன்ஸுக்கு விசாரித்தால் ஒரு நடைக்குக் கேட்ட தொகை என் பாதி மாதச் சம்பளம். அதுவும் வாரத்துக்கு மூன்று நடை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மகன் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தான், போனில் அழுதான். அவனைச் சமாதானப்படுத்துவதிலேயே அன்றைய பொழுது போயிற்று.

ஒரு டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சிறுநீர் போகாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கும். முதலில் கணுக்கால், பிறகு முகம், பிறகு நுரையீரல். வெள்ளிக்கிழமை ராத்திரி என்னால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் இதயம் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். வைரஸைப் பற்றி அன்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை, தம்பி.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் வாசலில் வந்து நின்றிருந்தீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு ஏற்றிப்போகிற ஆம்னிக்காரர் என்பதற்கு மேல் உங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கீரைக்காரம்மா சொல்லிக் கேள்விப்பட்டதாகச் சொன்னீர்கள். “வண்டி சும்மாதான் நிக்குது டீச்சர். காலைல அஞ்சு மணிக்கு வரேன்.” போய்ச்சேர முடியுமா என்று நான் கேட்டேன். “போய்ப் பாப்போம்” என்றீர்கள். முடியும் என்று பொய் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் வேன் கண்ணாடியில் ஒரு சார்ட் அட்டை ஒட்டியிருந்தது. உங்கள் மகள் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது: ‘டயாலிசிஸ் நோயாளி. செவ்வாய், வியாழன், சனி.’ நோயாளியில் ‘ழ’ போட்டு அடித்துவிட்டு ‘ள’ போட்டிருந்தாள். எல்லையில் என் மருத்துவச் சீட்டுகள் இருந்த நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்கிப் போனீர்கள். நாற்பது நிமிடம். ஒருவரிடம் பேசி, அவருக்கு மேலே உள்ளவரிடம் பேசி, கடைசியில் ஓர் அதிகாரி வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். என் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் பேரிகார்டை நகர்த்தச் சொன்னார். அவருக்கும் இந்தக் கடிதத்தில் ஒரு நன்றி உண்டு. அன்று மெஷின் என் உடம்பிலிருந்து மூன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்தது.

ஒருமுறை விட்டால் அடுத்தமுறையும் விடுவார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் புது ஆள் நிற்பார். ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து கதை. இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த ஃபிஸ்டுலா இருக்கிறது, தேன்கூட்டின் மேல் கை வைத்தமாதிரி ஓர் இரைச்சல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். சந்தேகப்பட்ட ஒருவர் சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டச் சொன்னார். நடுரோட்டில், வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் பார்க்க, ஊசித் தழும்புகள் புடைத்த கையை நீட்டிக் காட்டினேன். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். திரும்பி வந்து வேனில் உட்கார்ந்ததும் கை நடுங்கியது.

அடுத்த நடையிலிருந்து நீங்கள் என்னை இறங்கவே விடவில்லை. “நீங்க உள்ளயே உக்காருங்க டீச்சர், நான் பேசிக்கிறேன்.” வார்டில் டெக்னீஷியனிடம் கேட்டு எல்லாம் படித்து வைத்திருந்தீர்கள். கிரியாட்டினின் எவ்வளவு, டிரை வெயிட் எவ்வளவு, ஒரு நாள் தள்ளினால் என்ன ஆகும் என்று மாணவன் ஒப்பிப்பதுபோல் நீங்கள் சொல்வது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்கும். என் நோயை எனக்காக இன்னொருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பாரம் எத்தனை பெரியது என்று அதை நீங்கள் வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 14 நினைவிருக்கிறதா? சித்திரை ஒன்று, அதுவும் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு நான் மெஷினில் இருந்தேன். எதிர்ச்சுவர் டிவியில் ஊரடங்கு மே 3 வரை என்று பிரதமர் அறிவித்தார். வார்டில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் திண்டிவனத்துக்கு அந்தப்பக்கமிருந்து வருகிறவர், டூவீலரில், மனைவி ஓட்ட. எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. முதல் தேதிகளிலேயே மத்திய சுகாதாரத் துறை டயாலிசிஸுக்கென்று தனியாக வழிகாட்டுதல் போட்டிருந்தது, பத்திரிகையில் படித்தேன். அந்தக் காகிதம் டெல்லியிலிருந்து எங்கள் சாலைக்கு வந்துசேரவில்லை.

திரும்பும்போது வேனில் வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமலே திட்டினேன். அதற்குமுன் போனில் சொந்தக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொண்டால், எல்லாருக்கும்தானே கஷ்டம், பொறுமையாக இரு என்பார்கள். நடந்தே ஊர் போகிறவர்களைப் பார், உனக்கு வண்டியாவது இருக்கிறதே என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மை. தண்டவாளத்திலும் நெடுஞ்சாலையிலும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களை நானும் பார்த்துக் கலங்கியவள்தான். ஆனால், அவர்கள் கஷ்டத்தைக் காட்டி என் வாயை அடைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நோயாளி என்றால் சாந்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் கொடுத்தாலும் மருந்து கொடுத்தாலும் கும்பிட வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு எல்லாரிடமும் இருக்கிறது. நீங்கள் கியர் மாற்றிக்கொண்டே, “கோவம் வராம எப்படி டீச்சர்? வாரம் மூணு நாள் உசிரோட இருக்கறதுக்கு ஒருத்தன்கிட்ட அனுமதி கேக்கணும்னா?” என்றீர்கள். அதற்குப்பிறகு கன்னியக்கோயில் தாண்டும்வரை நான் அழுதேன். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினீர்கள்.

எல்லை தாண்ட விண்ணப்பித்த இ-பாஸ் கதையை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. நிராகரிக்கப்பட்டது என்று வரும், காரணம் இருக்காது. டாக்டர் சீட்டின் படம் தெளிவாக இல்லை என்று ஒருமுறை. போகிற நாளும் வருகிற நாளும் ஒன்றாக இருக்கிறது என்று ஒருமுறை. வாரம் தவறாமல் வாழ்நாள் முழுக்கப் போய்வர வேண்டியவருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஓர் அறுவை சிகிச்சை என்று ஒரே தடவை நடப்பதற்குத்தான் அதில் இடம். தீராத நோய் என்று ஒன்று இருப்பதே அதை எழுதியவர்களுக்கு நினைவில்லை.

நீங்கள் காத்திருந்ததைப் பற்றி எழுத வேண்டும். காலையில் போய்ச்சேர்ந்ததிலிருந்து பதினொன்றரை வரை. டீக்கடை இல்லை, கழிப்பறை இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடுவீர்கள். மெஷினை விட்டு இறங்கினால் எனக்குப் பிரஷர் இறங்கிவிடும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். பின்சீட்டைச் சாய்த்துத் தயாராக வைத்திருப்பீர்கள். இரண்டு முறை வேனுக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். மறுநடைக்கு வண்டியில் டெட்டால் வாசனை இருந்தது. அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, என்னையும் பேச விடவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் கதவைத் திறந்ததும் பலாப்பழ வாசனை. இடைப்பட்ட நாட்களில் பண்ருட்டியிலிருந்து பழம் ஏற்றித் தெருத்தெருவாக விற்றிருந்தீர்கள். பலாவில் பொட்டாசியம் அதிகம். மெஷினில் ஏறியதிலிருந்து நான் ஒரு சுளை வாயில் வைத்ததில்லை. பண்ருட்டி பக்கம் பிறந்தவளுக்கு அது என்ன என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தில் என்ன பார்த்தீர்களோ, அதற்குப்பிறகு என் நாட்களில் அந்த வாசனை வரவே இல்லை. முந்தின ராத்திரி சோப்பு போட்டு வண்டியைக் கழுவியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி பிறகு சொன்னார்.

நிவர் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி. விடிந்தால் வியாழன். வருவீர்களா என்று நான் போன் செய்யவில்லை. ஐந்து மணிக்கு ஹாரன் கேட்டது.

இனி நான் வெட்கப்படுகிற பகுதி. பெட்ரோலுக்கு மேல் நடைக்கு முந்நூறு ரூபாய்தான் வாங்கினீர்கள். கூட்டிக் கொடுத்தால், “ஸ்கூல் திறந்ததும் பாத்துக்கலாம் டீச்சர்” என்பீர்கள். நானும் நம்பினேன். வண்டிக்கு மாதத் தவணை இருந்ததும், ரிசர்வ் வங்கி கொடுத்த அவகாசம் 2020 ஆகஸ்டோடு முடிந்ததும், அதற்குப் பிறகு தவணை வட்டியோடு ஏறிக்கொண்டே போனதும் எனக்குத் தெரியாது. 2021 மே மாதம் இரண்டாவது அலையில் இ-பதிவு என்று மறுபடி ஆரம்பித்தபோதும் நீங்கள் வந்தீர்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை என்னை இறக்கிவிட்டு, “அடுத்த வாரம் வேற வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கேன்” என்றீர்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். வேன் போய்விட்டது என்று மாதக்கணக்கில் கழித்துத் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது நவம்பர் 1. நானாவது கேட்டிருக்க வேண்டும். இருநூறு தடவைக்கு மேல் உங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தவள், என் உடம்பையும் என் கோபத்தையும் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், தம்பி.

இப்போது பஸ்ஸில்தான் போய்வருகிறேன். மெஷின் மாறவில்லை, கிழமைகள் மாறவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இப்போது இல்லை. நீலக் கோப்பு கிழிந்துவிட்டது, ஆனாலும் பையில் இருக்கிறது. எல்லை வந்தால் கை தானாக அதைத் தேடுகிறது. பஸ் நிற்காமல் போகிறது.

உங்கள் மகள் எழுதிய அட்டையை நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். பத்தாவது தாண்டியிருப்பாள், தமிழில் என்ன மார்க் என்று சொல்லச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வாரத்துப் பணம் 1,800 ரூபாயும் உங்களுக்குச் சேர வேண்டியது, வாங்காமல் போய்விட்டீர்கள். வீடு அதே வீடுதான். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு எந்த நேரத்திலும் வரலாம். மற்ற மூன்று நாட்களில் நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
டீச்சர்